உதட்டில் வைத்த காகிதம்

தம்பி,

‘மகனே’ என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை கூசி நின்றுவிட்டது. உனக்கு இருபத்தொரு வயது, எனக்குப் பதினெட்டு. ஆனாலும் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்தத் தவிட்டு மண்டியின் பின்கட்டில் கால் வைத்த அன்றே நான் உனக்குத் தாய் முறை ஆகிவிட்டேன். உனக்குப் புத்தி சொல்லும் உரிமை வந்துவிட்டது, அதற்கு வேண்டிய வயதுதான் இன்னும் வரவில்லை. ஆகையால் தம்பி என்றே எழுதுகிறேன். ‘நீ’ என்றும் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள். நேரில் அப்படிக் கூப்பிட்டதில்லை. நேரில் உன்னை எப்படியுமே கூப்பிட்டதில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நாம் இருவரும் பேசியதெல்லாம் பூனை வழியாகத்தான். “தம்பிக்கு இன்னும் கொஞ்சம் ரசம் வேணுமான்னு கேளு” என்று நான் பூனையைப் பார்த்துச் சொல்வேன். “போதும்னு சொல்லு” என்று நீயும் பூனையைப் பார்த்தே சொல்வாய். வயது குறைந்த சிற்றன்னையும் வளர்ந்த பிள்ளையும் முகம் பார்த்துப் பேசினால் எருமைச் சந்தை முழுதும் அதையே மெல்லும் என்ற பயம் உனக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. அந்தப் பூனையோ பாவம், மீன் முள்ளைத் தவிர வேறெதிலும் அதற்கு அக்கறை கிடையாது. நான் சொல்ல வந்த விஷயத்தை அதனிடம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை நீ கப்பல் ஏறுகிறாய். கோலாலம்பூரில் நம்மவர்கள் புதிதாக ஒரு வாசகசாலை தொடங்குகிறார்கள், அதில் சிறு பிள்ளைகளுக்கும் இளவட்டங்களுக்கும் என்று தனியாக ஓர் அறை, அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களைப் பழக்கிக் கொடுக்க உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உன் அப்பா இதைக் கடைக்கு வருகிற ஒவ்வொரு வண்டிக்காரரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிண்ணாக்கு வாங்க வந்தவர்கள் உன் பெருமையையும் சுமந்துகொண்டு போகிறார்கள். எனக்கும் பெருமைதான். நேற்று மாலை வரை இருந்தது. நேற்று மாலை நம் மாடியில் நீ பார்த்துக்கொள்ளும் வாசகசாலையை நடத்தும் சபையின் தலைவர் வந்து உன்னோடு உட்கார்ந்து பேசினார் அல்லவா? வாசகசாலையின் பலகைத் தரைக்கு நேர் கீழேதான் என் அடுப்பு இருக்கிறது. பலகைக்குப் பலகை விரல் நுழைகிற இடைவெளி. நீங்கள் மேலே காலை மாற்றிப் போட்டால் என் குழம்பில் தூசி விழும். நீ என்ன சொன்னாய் என்பது எனக்கு நன்றாகவே கேட்டது.

“நம்ம புள்ளைங்களுக்கு வாசிப்புல ருசியே இல்லைங்க ஐயா. ரெண்டு பேரைப் பழக்கி விட்டிருக்கேன். அவங்களும்தான் என்ன பண்ணுவாங்க? புள்ளைங்க வந்தாத்தானே.”

“அப்ப ஞாயித்துக்கிழமை கூட்டத்துல பேசிப் புள்ளைங்க வாசிப்பை நிறுத்திருவோம் தம்பி. அந்த அறையைச் சீட்டாடக் கேக்குறாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் கடைசியா ஒரு தடவை வந்து பாக்குறேன். அன்னைக்கும் காலியா இருந்துச்சுன்னா முடிச்சுருவோம்.”

நீ அதற்கும் “சரிங்க ஐயா” என்றாய். கரண்டியால் உத்திரத்தை ஓங்கித் தட்டலாமா என்று இருந்தது எனக்கு. ருசி இல்லையா? நம் பிள்ளைகளுக்கா? நீ சொல்கிற அந்தப் பிள்ளைகள் வாரம் தவறாமல் எங்கே உட்கார்ந்து எதைப் படிக்கிறார்கள் என்று ஒரு நாளாவது கீழே இறங்கிப் பார்த்தாயா? அந்த ஒரு வாக்கியத்தைக் கோலாலம்பூருக்கும் கொண்டுபோய் அங்கே உள்ள பிள்ளைகளையும் அப்படியே எழுதித் தள்ளிவிடப் போகிறாய் என்று நினைத்தபோதுதான், உன் அப்பா கணக்குக்கு வைத்திருக்கும் மையில் தண்ணீர் ஊற்றி இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் வேலையில் உனக்கு இருக்கும் பற்றை நான் குறை சொல்லவில்லை. சின்ன வயதிலேயே துரைமார் படிக்கிற பெரிய லைப்ரரியில் தூசி தட்டப் போனவன் நீ. அங்கே துரைமாரும் அவர்கள் பிள்ளைகளும் உதடு அசையாமல் படிப்பதைப் பார்த்தாய். தேங்காய் நார் மிதியடி போட்டுச் சத்தம் இல்லாமல் நடக்கக் கற்றுக்கொண்டாய். கண்ணாடி அலமாரியைக் கிரீச் சத்தம் வராமல் திறப்பது எப்படி என்று நீ உன் சீடன் துரைசாமிக்குச் சொல்லிக் கொடுத்தபோது, இவ்வளவு கவனமான பிள்ளை நம் வீட்டில் இருக்கிறதே என்று நான்கூட மகிழ்ந்தேன். மாட்டுச் சாணமும் தவிட்டுத் தூசியுமாக இருக்கும் இந்தத் தெருவில், ஏணி போன்ற படி ஏறி மேலே போனால் ஒரு சுத்தமான அறை, அதில் நம் எழுத்தில் புத்தகங்கள். அதை உண்டாக்கியது நீதான். அதை ஒருவரும் மறக்கப் போவதில்லை. ஆனால் அந்த அறைக்கு ஆட்களைப் பழக்கினாயே, அந்தக் கூத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

உனக்கு நினைவு இருக்கும். காத்தோங்கிலிருந்து டிராமில் வருகிற, துரை ஆபீஸ் எழுத்தர் மகன் கதிரேசுவும், காலையில் நம் மண்டியில் தவிடு அளந்துவிட்டு மாலையில் உன்னிடம் வருகிற துரைசாமியும்தான் உன் சீடர்கள். முதல் நாள் பாடம் நான் மாவாட்டிக்கொண்டிருக்கும்போது நடந்தது.

“துரைசாமி, நீ புள்ளை மாதிரி உக்காரு. கதிரேசு, நீதான் அறையைப் பாத்துக்கிற ஆளு.”

“எந்தப் புள்ளை மாதிரிண்ணே? அடக்கமான புள்ளையா, நம்ம தெருப் புள்ளையா?”

“ஏதோ ஒரு புள்ளை. புத்தகத்தைப் பிரிச்சு வாசி.”

துரைசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, தவிட்டு மூட்டையை ஏலம் விடுகிற குரலில், “ஒரு ஊரிலே ஒரு குதிரை வியாபாரி” என்று தொடங்கினான்.

“உஷ்! வாய் அசையக் கூடாது.”

“வாய் அசையாம எப்படிண்ணே வாசிக்கிறது?”

“கண்ணால வாசி.”

ஒரு தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு துரைசாமி சொன்னான்: “கண்ணால பாத்தா கறுப்பாத் தெரியுதுண்ணே. அவ்வளவுதான் லா.”

கதிரேசு சிரித்துவிட்டான். “அண்ணை, இவன் சொல்லுறது பொய்யில்லை. எங்கட அப்பாவும் வீட்டிலை பேப்பரைச் சத்தம் போட்டுத்தான் வாசிக்கிறவர். கந்தோரிலை துரைக்கு முன்னாலை மட்டுந்தான் வாயை மூடுறவர்.”

அந்த இடத்தில் நீ நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். பழக வந்த இரண்டு பேரும் முதல் நாளிலேயே உனக்குப் பதில் சொல்லிவிட்டார்கள். நீயோ இன்னும் பிடிவாதம் பிடித்தாய். “துரைமார் லைப்ரரியில பக்கம் திருப்புற சத்தம்தான் கேக்கும். வாசகசாலைன்னா அப்படித்தான் இருக்கணும்” என்றாய். அடுத்த வாரம் அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தாய். பழைய பத்திரிகையை விரல் அகலத்துக்குக் கிழித்து, ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு துண்டு கொடுத்து, அதை உதடுகளுக்கு நடுவே கவ்விக்கொண்டு படிக்கச் சொன்னாய். காகிதம் விழுந்தால் வாய் அசைந்தது என்று பொருள். எடுத்துத் திரும்பவும் கவ்வவேண்டும். மூன்றாம் தடவை விழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இப்படி ஒரு யோசனை அந்தத் துரைமாருக்குக்கூடத் தோன்றியிருக்காது. நீயாகவே யோசித்துச் செய்தது. உனக்கு அதில் எவ்வளவு பெருமை! சபையார் வந்தபோது செய்தும் காட்டினாய். பிள்ளைகள் வரிசையாக உதட்டில் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார்களாம். தலைவர் “பேஷ், பேஷ்” என்றாராம்.

மறுநாள் காலையில் மாடிப் படியைப் பெருக்கியவள் நான். எச்சில் ஊறிய காகிதத் துண்டுகள், ஓரமெல்லாம் பல் பட்ட தடம். சிலவற்றைக் கடித்தே தின்றிருந்தார்கள். வெற்றிலைத் துப்பலைப் பெருக்கியிருக்கிறேன், கோழி எச்சத்தைப் பெருக்கியிருக்கிறேன், அதற்கெல்லாம் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்ததில்லை. சந்தையில் கட்டியிருக்கும் எருமைக்கு மூக்கில் கயிறு போடுகிறார்கள், அதுகூட வாயை அசைத்து அசைபோடலாம்.

அந்தப் பிள்ளைகள் எழுத்துக் கற்றது எங்கே? கோயிலுக்குப் பக்கத்துக் கொட்டகையில், ஒருவன் சொல்ல மற்றவர்கள் சேர்ந்து கூவ, அப்படித்தான் கற்றார்கள். அவர்களுக்கு ஓர் எழுத்து என்பது முதலில் ஒரு சத்தம். சத்தத்தை எடுத்துவிட்டால் துரைசாமி சொன்னதுபோல் கறுப்புத்தான் மிஞ்சும். அது அவர்களுடைய சோம்பேறித்தனம் என்று நீ நினைத்தாய். வாரத்துக்கு வாரம் மாடியில் கூட்டம் குறைந்தது. வராத பிள்ளைகளை எண்ணி எண்ணி வருத்தப்பட்டாய். வந்த பிள்ளைகள் ஏன் போனார்கள் என்று கேட்கவில்லை.

செல்லம்மாவை உனக்குத் தெரியும். பிரம்பு அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் வேலை பார்க்கிறவரின் மகள், பதின்மூன்று வயது. தெரு முனையில் நின்று கூப்பிட்டால் டேங்க் ரோடு வரை கேட்கும் குரல். இந்தத் தெருப் பிள்ளைகளில் தடுமாறாமல் வாசிக்கத் தெரிந்தவள் அவள்தான். அவள் உதட்டிலிருந்து காகிதம் மூன்று தடவை விழுந்த அன்று நீ இல்லை, சபைக் காரியமாக வெளியே போயிருந்தாய். கதிரேசு நீ பழக்கியபடியே நடந்துகொண்டான்.

“பிள்ளை, உனக்கு எத்தினை தரம் சொல்லுறது? வாயை மூடிக்கொண்டு வாசி. ஏலாதெண்டால் வீட்டை போ.”

“வாயை மூடிக்கிட்டு சாப்பிட முடியுமாண்ணே? அது மாதிரிதான் இதுவும்.”

மாடி முழுதும் சிரிப்பு. கதிரேசுவும் சிரித்துவிட்டுத்தான் அவளை வெளியே அனுப்பினான். பின்படி வழியாகத் திடுதிடுவென்று இறங்கி வந்தாள். ரோஷம் தாங்காமல் அந்தக் காகிதத்தை இன்னும் கடித்துக்கொண்டே இருந்தாள். கிணற்றடியில் அதைத் துப்பினாள். கையில் அந்தக் குதிரை வியாபாரி கதை. கோபத்தில் அதைத் திருப்பி வைக்க மறந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, அதை விழவிடக் கூடாது என்று முறைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இங்க உக்காந்து வாசிச்சா உங்க மாவு கெட்டுப்போயிருமா?”

“கெடாது. வாசி.”

“சத்தமாவா?”

“ஆட்டுக்கல்லுச் சத்தத்தைத் தாண்டி எனக்குக் கேக்கணும்.”

அன்றைக்கு அவள் வாசித்ததைக் கேட்டு, படியில் பாதி வழியில் நின்ற இரண்டு பிள்ளைகள் மேலே போகாமல் கீழே வந்தார்கள். அடுத்த வாரம் இன்னும் சிலர். சுண்ணாம்புக் காளவாய்ப் பக்கத்துப் பிள்ளைகள், டோபி காட் துறையிலிருந்து துணி மூட்டையோடு வருகிற வண்ணாரப் பிள்ளைகள், எல்லாரும் நேராகப் பின்பக்கம் வந்துவிடுகிறார்கள். ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்கிறார்கள். இடையில் நிறுத்திச் சண்டை போடுகிறார்கள். குதிரை வியாபாரி காட்டில் இடப்பக்கம் போயிருக்க வேண்டுமா வலப்பக்கம் போயிருக்க வேண்டுமா என்று ஒரு மாலை முழுதும் சண்டை. எருமை கறக்கும் காளி, பதினாறு வயது இருக்கும், பால் செம்போடு வந்து நின்றுவிடுகிறான். செல்லம்மா அவனை விடுவாளா?

“உனக்குத்தான் எழுத்தே தெரியாதே, உனக்கு எதுக்கு இது?”

“எழுத்துதானே தெரியாது. காது இருக்குல்ல? போன தடவை விட்ட எடத்துலேர்ந்து வாசி. அந்தக் குதிரை பொழைச்சுதா?”

“மொதல்ல பாலைக் கொண்டுபோய்க் குடு. திரிஞ்சுரும்.”

“பால் திரிஞ்சா திரியட்டும், குதிரை என்ன ஆச்சு சொல்லு!”

இப்போது அவன் அவள் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான். ‘குதிரை’ என்ற சொல் எங்கே வந்தாலும் விரல் வைத்துக் காட்டிவிடுகிறான். மற்றச் சொற்களை இன்னும் சட்டை செய்யவில்லை. இதுதான் உன்னுடைய ருசி இல்லாத கூட்டம். உன் காலுக்குக் கீழே, பலகைக்குப் பலகை விரல் இடைவெளியில்.

புத்தகம் எப்படி வருகிறது என்று கேட்பாய். துரைசாமிதான் தவிட்டுக் கூடையில் வைத்துக் கீழே கொண்டுவந்து கொடுக்கிறான், விளக்கு ஏற்றும் முன் திரும்ப எடுத்துப்போய் அதே இடத்தில் வைக்கிறான். ஒரு தாளும் கிழிந்ததில்லை. “அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னை நிறுத்திருவாருக்கா” என்று நடுங்கிக்கொண்டே செய்கிறான். நீ பழக்கிய இரண்டு பேரில் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்கும் வேலையை உண்மையாகச் செய்கிறவன், உனக்குத் தெரியாமல் செய்ய வேண்டியிருக்கிறது. இந்த லட்சணத்தில் உன்னைக் கோலாலம்பூரில் வாத்தியாராகக் கூப்பிடுகிறார்கள்.

நான் உன்னிடம் சொல்லாமல் இருக்கவில்லை. என் வழியில் சொல்லிப் பார்த்தேன். ஒரு நாள் நீ சாப்பிடும்போது பூனையைப் பார்த்து, “மாடியில தேடுறதெல்லாம் கிணத்தடியில இருக்குன்னு சொல்லு” என்றேன். நீ தட்டைவிட்டு நிமிரவில்லை. “கிணத்தடி வழுக்கும், பாத்துப் போகச் சொல்லு” என்றாய். இன்னொரு நாள் நீ மேலே இருக்கும் நேரம் பார்த்து, “நல்லாச் சத்தமா வாசிங்க” என்று பிள்ளைகளைத் தூண்டிவிட்டேன். உனக்குக் கேட்டால் இறங்கி வருவாய் என்று நினைத்தேன். நீ சன்னலைத் திறந்து, “யாரது கீழே? மாடியில வாசிக்கிறாங்க, சத்தம் போடாதீங்க!” என்று அதட்டிவிட்டுச் சன்னலைச் சாத்தினாய். அப்போது மாடியில் உன்னைத் தவிர ஒருவரும் இல்லை, தம்பி. நாற்காலிகளும் நீயும்தான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். செல்லம்மா சிரித்துச் சிரித்துக் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

உனக்கு ஏன் இந்தச் சத்தம் என்றாலே ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும். லைப்ரரியில் கற்றது பாதிதான். மற்றப் பாதி உன் அப்பாவிடமிருந்து வந்தது. நான் வந்த முதல் வருடம் நீ பினாங்குக்கு வேலைக்குப் போனாய். அங்கிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினாய். வேலை பிடிக்கவில்லை, யாரும் பேச்சுத் துணை இல்லை, படுத்தால் அழுகை வருகிறது என்று மனசைத் திறந்து எழுதியிருந்தாய். உன் அப்பாவுக்கு எழுத்து வாய் வழியாகத்தான் உள்ளே போகும். காலையில் பத்திரிகை படிப்பதுபோலவே, கடை வாசலில், அஞ்சடி நடைபாதையில் குந்தியிருந்த வண்டிக்காரர்களுக்கு நடுவில், அதை முதலிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்துவிட்டார். நீ திரும்பி வந்து ரிக்‌ஷாவை விட்டு இறங்குவதற்குள் ஒருவர் கேட்டார்: “என்ன தம்பி, பினாங்குல அழுகை நின்னுச்சா?” கதவுக்குப் பின்னால் நின்று நான் பார்த்தேன். உன் காது இரண்டும் சிவந்து போயின. அன்றிலிருந்து நீ எதையும் வாய்விட்டுப் படித்து நான் கேட்டதில்லை. அப்பா பத்திரிகையைப் பிரித்தாலே எழுந்து போய்விடுகிறாய்.

ஆனால் நீ பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன், அதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தைப் படிக்கும்போது உன் அப்பா தோள் துண்டை எடுத்து இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். படித்து முடித்ததும் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, உன்னைக் கேலி செய்தாரே, அதே வண்டிக்காரர்தான் சொன்னார்: “புள்ளையைக் கூப்பிட்டுக்குங்க மண்டிக்காரரே. சோறு எங்க இருந்தாலும் கெடைக்கும்.” அன்று மாலையே உன்னை வரச்சொல்லி அப்பா எழுதினார். வாய்க்குள்ளேயே படித்து மடித்து வைத்திருந்தால், ‘பழகிப் போய்விடும்’ என்று பேசாமல் இருந்திருப்பார். அவரை எனக்குத் தெரியும். உன்னைக் கூச்சப்பட வைத்ததும் அந்தச் சத்தம்தான், வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அந்தச் சத்தம்தான். சரி, கூச்சப்பட்டது நீ. அதற்காகச் செல்லம்மா ஏன் காகிதத்தைக் கடிக்க வேண்டும்?

என்னைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் வாய் திறக்காத பிள்ளை. பேர் என்ன என்று கேட்டால்கூட முந்தானையைக் கடிப்பேன். எங்கள் டீச்சரம்மா என்னை அதட்டவில்லை. ஒரு புத்தகத்தைக் கொடுத்து, “உன் பேச்சைப் பேச வேண்டாம். இதுல இருக்கறதைச் சொல்லு, போதும்” என்றார். சொன்னேன். என் தொண்டையிலிருந்து அவ்வளவு பெரிய குரல் வரும் என்று எனக்கே தெரியாது. சொந்தச் சொல் வராத பிள்ளை புத்தகத்தின் சொல்லை இரவல் வாங்கிப் பேசலாம். கொஞ்ச நாளில் சொந்தச் சொல்லும் வந்திருக்கும். அதற்குள் நான் பெரியவளாகிவிட்டேன் என்று பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். குரலும் அங்கேயே நின்றுவிட்டது. இப்போதும் எனக்கு வாய் அசையாமல் படிக்க வராது. மாவாட்டும்போது, மழை தகரத்தில் கொட்டும்போது, யாருக்கும் கேட்காது என்று உறுதியானால்தான் படிப்பேன். இந்தக் கடிதத்தைக்கூட உதட்டை அசைத்து அசைத்துத்தான் எழுதுகிறேன். எதிரில் உட்கார்ந்து பூனை பார்த்துக்கொண்டிருக்கிறது. என்னைப்போல ஒரு பெண் கோலாலம்பூரிலும் இருப்பாள். அவள் எவ்வளவோ யோசித்து, நாலு தடவை வாசல் வரை வந்து திரும்பி, கடைசியில் உன் அறைக்குள் வருவாள். அவள் உதட்டில் நீ காகிதத்தை வைக்கப் போகிறாயா?

அங்கே போனதும் நீ பழக்கப் போகிறவர்களிடம் முதலில் உஷ் சொல்லக் கற்றுக்கொடுக்காதே. புத்தகத்தை எடுத்துப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து வாய்விட்டு வாசிக்கச் சொல். அது வராத ஆளுக்கு அலமாரிச் சாவியைக் கொடுக்காதே, எவ்வளவு மெதுவாக நடந்தாலும் சரி. நாற்காலி ஏன்? பாய் போடு. பெரியவர்கள் பத்திரிகை பார்க்கும் அறை அமைதியாக இருந்துவிட்டுப் போகட்டும், பிள்ளைகள் அறைக்கும் அதற்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பச் சொல். அதற்கு அவர்களிடம் சண்டை போட வேண்டியிருக்கும், போடு. ஒருத்தி வாசிப்பாள், பத்துப் பேர் கேட்பார்கள். கேட்கிறவர்களையும் வாசிக்கிறவர்களாகவே எண்ணச் சொல். காளி மாதிரி மீசை அரும்பும் வயதில் எழுத்துத் தெரியாமல் வந்து நிற்பவனை “என்ன வேணும்?” என்று கேட்டு விரட்டிவிடாமல் இருக்கச் சொல். அவன் எதற்கோ வந்ததுபோல்தான் நிற்பான், பால் செம்பையோ கூடையையோ சாக்காக வைத்துக்கொண்டு. முன்வாசல் வழியாக வரக் கூசும் பெண் பிள்ளைகளுக்குப் பின்படி ஒன்று இருக்கட்டும். எல்லாவற்றையும்விட, பிள்ளைகள் வரவில்லை என்றால், அவர்களுக்கு ருசி இல்லை என்று தலைவரிடம் சொல்வதற்கு முன், இறங்கிப்போய் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்கச் சொல். நீயும் பார்.

இனி நாளைய பேச்சுக்கு வருகிறேன். நாளை வியாழன். நாலு மணிக்குப் பிள்ளைகள் வழக்கம்போல் என் கிணற்றடிக்கு வருவார்கள். ஐந்து மணிக்குத் தலைவர் உன் மாடிக்கு வருவார். அதற்குள் நீ கதிரேசுவையும் துரைசாமியையும் எதிரில் உட்காரவைத்து, இந்தக் கடிதத்தை அவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். துரைசாமியைத் திட்டாதே. பிறகு பின்படி வழியாக இறங்கி வந்து பிள்ளைகளை மேலே கூட்டிக்கொண்டு போ. நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிடு. குதிரை இன்னும் காட்டைவிட்டு வெளியே வரவில்லை, அதனால் ஒருவரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். தலைவருக்கு வேறெதையும் நீ சொல்லிக் காட்ட வேண்டியதில்லை.

நீ அப்படிச் செய்யமாட்டாய், கடிதத்தை வாய்க்குள்ளேயே படித்துவிட்டு மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொள்வாய் என்ற பயம் எனக்கு இருக்கிறது. அதனால் இதை இரண்டு தடவை எழுதினேன். ஒன்று உன் பெட்டிமேல் இருக்கும். மற்றது என் முந்தானை முடிச்சில் இருக்கும். நாளை நாலரை மணிக்கு என் அடுப்புக்கு மேலே பலகை அதிரவில்லை என்றால், முடிச்சை அவிழ்த்துக் கடை வாசலுக்குப் போய், வண்டிக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போதே உன் அப்பாவின் கையில் கொடுத்துவிடுவேன். அவர் எப்படிப் படிப்பார் என்று உனக்குத் தெரியும். எருமைச் சந்தை வரை கேட்கும். தலைவர் மாடியேறப் போகிறவர், நடைபாதையிலேயே நின்று கேட்பார். பயப்படாதே, இந்த முறை உன் காது சிவக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தை விட்டதும், பூனையோடு பேசியதும், வாயசைத்துப் படிப்பதும், அத்தனையும் நான் எழுதியது, என் வெட்கம். தெரு சிரித்தால் என்னைப் பார்த்துச் சிரிக்கும். கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாமல் அங்கேயே நிற்பேன். நடுவில் அவருக்கு என் கையெழுத்துப் புரியாமல் போனால், அந்த வரியை நானே வாசித்துக் காட்டுவேன்.

உன்
சின்னம்மா